மகளின் கட்டுரையை யார் படிக்கப்போகிறார்?

கேள்வி: டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே பிரிஸ்கோவில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது. ஆறாம் வகுப்பிலிருந்து ஹோம்ஸ்கூலிங், பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பு. ஆகஸ்டில் பத்தாவது தொடங்குகிறது. கணக்கையும் அறிவியலையும் நானும் கணவரும் பார்த்துக்கொள்கிறோம். ஆங்கிலக் கட்டுரைதான் கையை மீறிப் போகிறது. நான் மதுரையில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இன்ஜினியரிங் போனவள். அவள் எழுதியதைப் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். என்ன குறை என்று சொல்ல வராது. அதனால் இந்த ஒரு பாடத்தை வெளியே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம். மூன்று ஆன்லைன் கோர்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, வீடியோ பார்த்துத் தானே எழுதுவது, ஆண்டுக்கு 180 டாலர். இன்னொன்று வாரம் ஒருநாள் ஜூமில் நேரடி வகுப்பு, 15 பிள்ளைகள், 750 டாலர். மூன்றாவது ஏபி இங்கிலீஷ் லாங்குவேஜ், அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம், 950 டாலர். கணவரோ, ‘இதெல்லாம் எதற்கு, கம்யூனிட்டி காலேஜில் டூயல் கிரெடிட் எடுக்கட்டும், காலேஜ் கிரெடிட்டும் ஆச்சு’ என்கிறார். ஒரே பாடம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கணக்காகும் ஏற்பாடு அது. எதில் சேர்ப்பது? அவள் போன மாதம் எழுதிய கட்டுரை ஒன்றை இணைத்திருக்கிறேன். ஆறாவது போகிற மகனையும் அதே இடத்தில் சேர்த்துவிடலாமா?

— ஒரு வாசகி, பிரிஸ்கோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கோர்ஸ் விவரங்களை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் மகளின் கட்டுரையைத்தான் முதலில் படித்தேன். எந்த கோர்ஸ் என்பதை அதுதான் முடிவு செய்ய வேண்டும்.

உயர்நிலைப் பள்ளிகள் காலையில் தாமதமாகத் தொடங்க வேண்டும் என்று வாதாடுகிறாள். இலக்கணப் பிழை அநேகமாக இல்லை. சொல்வளம் வயதுக்கு மீறியே இருக்கிறது. ‘மனிதன் தோன்றிய நாளிலிருந்தே தூக்கம் இன்றியமையாததாக இருந்து வந்துள்ளது’ என்று ஆரம்பிக்கிறாள். கல்லூரியில் முதலாண்டு காம்போசிஷன், அதாவது கட்டுரை எழுதும் பாடம், நடத்துகிற எனக்கு இது நன்றாகப் பழகிய வரி. தூக்கம் இருக்கும் இடத்தில் நட்பு வரும், தொழில்நுட்பம் வரும். மனிதன் மட்டும் ஒவ்வொரு கட்டுரையிலும் புதிதாகத் தோன்றிக்கொண்டே இருப்பான். அதை வெட்டிவிட்டால் போகிறது. கவனிக்க வேண்டியது மூன்றாவது பத்தி.

அங்கே அவள், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக்கூடாது என்று அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014-ல் பரிந்துரைத்ததைச் சொல்கிறாள். சரியான தகவல், தேடி எடுத்திருக்கிறாள். அடுத்த வரி: ‘ஆகவே பள்ளிகள் தாமதமாகத் தொடங்க வேண்டும்.’ அவ்வளவுதான், பத்தி முடிந்தது. அந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான் கட்டுரையே இருந்திருக்க வேண்டும். ஏன் எட்டரை? பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது, பத்து மணிக்குப் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வராது, ஆகவே காலையில் வெட்டுகிற ஒவ்வொரு மணியும் தூக்கத்திலிருந்துதான் போகிறது. இதைச் சொல்லாமல் மருத்துவர்களின் பெயரை மட்டும் சொன்னால் அது வாதம் ஆகாது. பள்ளி பஸ் அட்டவணை, மாலை விளையாட்டுப் பயிற்சி, காலை ஏழரைக்கே வேலைக்குக் கிளம்பும் பெற்றோர் என்று எதிர்த்தரப்பு கேட்கப்போகிற எதையும் அவள் தொடவில்லை.

ஆக, உங்கள் மகளுக்கு ஆங்கிலம் பிரச்சினையே இல்லை. யோசித்ததை முழுக்கத் தாளில் இறக்காமல் பாதியில் நிறுத்திவிடுகிறாள், அதுதான் குறை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிகச் சாதாரணமாக இருப்பதுதான். ஆனால் இது வீடியோ பார்த்துத் தீராது. இலக்கணப் பயிற்சிப் புத்தகம் போட்டாலும் தீராது. ‘இங்கே என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாயே’ என்று யாராவது ஒரு ஆள், அந்த இடத்திலேயே விரலை வைத்துச் சொல்ல வேண்டும். அப்புறம் அவள் திரும்ப எழுத வேண்டும்.

அதனால் எந்த கோர்ஸ் என்று கேட்பதற்கு முன்னால், அவள் எழுதுவதை யார் படிப்பார், எவ்வளவு நேரம் படிப்பார், படித்துவிட்டு என்ன எழுதித் தருவார், திரும்ப எழுதச் சொல்வாரா என்று கேளுங்கள். பாடத்திட்டம், வீடியோ தரம், வகுப்பின் பெயர் எல்லாம் அதற்கப்புறம்தான்.

உதாரணமாக அதே மூன்றாவது பத்தியை எடுத்துக்கொள்வோம். ஓர் இடத்தில் ஓரக்குறிப்பாக ‘குட் ஜாப்! இன்னும் கொஞ்சம் விவரம் சேர்க்கலாம்’ என்று வரும், கூடவே ரூப்ரிக் என்ற மதிப்பெண் அட்டவணையில் ஐந்துக்கு நான்கு. இன்னோர் இடத்தில் இப்படி வரும்: ‘எட்டரை என்ற எண்ணைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாய். சீக்கிரம் படுத்தால் சீக்கிரம் எழலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வாய்? அந்தப் பதிலை இங்கே எழுதி, இந்தப் பத்தியை மட்டும் திங்கட்கிழமைக்குள் திருப்பி அனுப்பு.’ முதல் குறிப்பைப் படித்துவிட்டு உங்கள் மகள் லேப்டாப்பை மூடிவிடுவாள். இரண்டாவதைப் படித்தால் கொஞ்சம் எரிச்சல்படுவாள், பிறகு எழுதுவாள்.

சேருவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பெயரை மறைத்து, ஆசிரியர் திருத்திய மாணவர் கட்டுரை ஒன்றை மாதிரிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கோர்ஸ் நடத்துகிறவர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள். அவர்களுக்கு அதுதான் பெருமை. பாடத்திட்டத்தையும் பெற்றோர் பாராட்டுக் கடிதங்களையும் மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பினால் புரிந்துகொள்ளுங்கள். திருத்துவது வகுப்பு எடுக்கும் ஆசிரியரா, தனியாக அமர்த்திய திருத்துநரா என்பதையும் கேளுங்கள். திருத்துநர் என்றால் மோசம் என்று அர்த்தமில்லை, ஆனால் ஆண்டு முழுக்க ஒரே ஆளாக இருக்க வேண்டும். செப்டம்பரில் சொன்ன குறை ஜனவரியிலும் இருக்கிறதா என்று பார்க்க அதே கண் வேண்டும். கட்டுரை எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதும் முக்கியம். அடுத்த கட்டுரையைக் கொடுத்த பிறகு முந்தைய கட்டுரையின் திருத்தம் வருகிற இடங்கள் உண்டு. அந்தத் திருத்தத்தை எந்தப் பிள்ளையும் படிக்காது.

இப்போது விலைக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் மூன்று தொகைகளும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகின்றன. மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை ஒழுங்காகப் படித்துக் குறிப்பு எழுத 20 நிமிடமாவது ஆகும். 15 பிள்ளைகள், ஆண்டுக்குப் பத்துக் கட்டுரை என்றால் 50 மணி நேரம். ஒவ்வொன்றையும் ஒருமுறை திருத்தி எழுத வைத்து மறுபடி படித்தால் 100 மணி நேரம். இது வகுப்பு நேரத்துக்கு மேல். ஆகவே 180 டாலர் கோர்ஸில் ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வாய்ப்பே இல்லை. அவர்கள் ஏமாற்றவில்லை, ‘திருத்துவது பெற்றோர்’ என்று எங்காவது போட்டிருப்பார்கள். திருத்தத் தெரியவில்லை என்பதால்தானே வெளியே கொடுக்கிறீர்கள்? அது உங்கள் வீட்டுக்கு ஆகாது. 750 டாலர் கோர்ஸில் அந்த 100 மணி நேரம் நடக்கிறதா என்பதுதான் நீங்கள் விசாரிக்க வேண்டிய விஷயம். ஆண்டுக்கு 25 கட்டுரை எழுத வைக்கிறோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அங்கே கொஞ்சம் தயங்குங்கள். எட்டுக் கட்டுரை, எட்டையும் இரண்டு முறை எழுதுவது என்று சொல்லும் இடத்துக்கே என் ஓட்டு.

ஹோம்ஸ்கூலிங் குடும்பங்களில் அடிக்கடி அடிபடும் இரண்டு பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். இன்ஸ்டிட்யூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங் முறையில், ஒரு பகுதியிலிருந்து முக்கியச் சொற்களைக் குறித்து அதிலிருந்து திரும்ப எழுதுவது, பத்தியில் இன்ன வகை வினையடை, இன்ன வகைத் துணை வாக்கியம் வந்ததா என்று பட்டியல் பார்த்து டிக் போடுவது என்று எல்லாம் கட்டுக்கோப்பாக இருக்கும். வெற்றுத்தாளைப் பார்த்தாலே அழுகிற பிள்ளைக்கு அது நல்ல கைப்பிடி. உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். அந்தப் பட்டியல் இப்போது அவளுக்கு அலங்காரத்தைத்தான் கூட்டும். பிரேவ் ரைட்டர் அதற்கு நேர் எதிர்த் திசை: முதலில் மனம்போல எழுதட்டும், பயம் போகட்டும் என்பார்கள். அவளுக்கு எழுதப் பயமும் இல்லை. (நம் ஊர்ப் பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பிட்டு எழுதினோமே, இங்கே ஐந்து பத்திக் கட்டுரை என்று சொல்வது ஏறக்குறைய அதேதான். அது தெரிந்திருந்தால் போதும், அதிலேயே ஆண்டுக்கணக்கில் குடியிருக்க வேண்டாம்.)

ஏபி இங்கிலீஷ் லாங்குவேஜ் நல்ல பாடம். உங்கள் மகளுக்கு எது இல்லையோ அதற்கே மதிப்பெண் தருகிற பாடம். மே மாதத் தேர்வில் 45 கொள்குறி வினாக்களுக்கு ஒரு மணி நேரம், பிறகு மூன்று கட்டுரைகளுக்கு இரண்டேகால் மணி நேரம். மொத்தத்தில் 55 சதவீதம் கட்டுரைகளுக்கு. ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளி. அதில் மையக் கருத்துக்கு ஒன்று, நடைக்கும் சிந்தனையின் நுட்பத்துக்கும் சேர்த்து ஒன்று, மீதி நான்கும் ஆதாரத்துக்கும் அந்த ஆதாரத்தை விளக்குவதற்கும். எட்டரை மணிப் பத்தியை அப்படியே எழுதினால் அந்த நான்கில் அதிகம் தேறாது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் பதினொன்றில் எழுதும் தேர்வு அது. இப்போதே சேர்த்தால் நேரத்துக்குள் முடிக்கும் பயிற்சியிலேயே ஆண்டு போய்விடும், நிதானமாகத் திருத்தி எழுதும் பழக்கம் வராது. இன்னொரு ஆண்டு கழித்துப் போகட்டும்.

அப்போது இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பதிவில் ‘ஏபி’ என்று போட வேண்டுமானால் அந்த கோர்ஸின் பாடத்திட்டம், ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இரண்டாவது, தேர்வு எழுத ஒரு பள்ளி இடம் தர வேண்டும். ஹோம்ஸ்கூல் பிள்ளைகளை எல்லாப் பள்ளியும் ஏற்றுக்கொள்வதில்லை. தேர்வுக்கான பதிவு நவம்பரிலேயே முடிந்துவிடுகிறது, ஆகவே ஆகஸ்ட், செப்டம்பரிலேயே சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஏபி ஒருங்கிணைப்பாளர்களுக்கு எழுதிவிட வேண்டும். தேர்வு 2025 முதல் கணினியில், ப்ளூபுக் செயலியில்தான். வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரியாத பிள்ளைக்கு அதுவே ஒரு கஷ்டம்.

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டெக்சஸ் அரசுக் கல்லூரிகளின் பொதுப் பாடத்திட்டத்தில் கம்யூனிகேஷனுக்கு 6 கிரெடிட் மணி உண்டு. இங்கிலீஷ் 1301, 1302 என்ற முதலாண்டு காம்போசிஷன் பாடங்கள் இரண்டையும் முடித்தால் பொதுவாக அது தீர்ந்துவிடும், மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். உங்களுக்குக் காலின் காலேஜ் என்ற கம்யூனிட்டி காலேஜ் பக்கம்தான். ஆனால் வகுப்பறையின் அந்தப் பக்கத்தில் நிற்கிற ஆளாகச் சில விஷயம் சொல்ல வேண்டும். நாங்கள் 15 வயதுப் பிள்ளைக்குத் தனிப் பாடம் நடத்துவதில்லை. ஒரே செமஸ்டரில் எல்லாம் ஓடிவிடும், திருத்தி எழுத எல்லா ஆசிரியரும் வாய்ப்புத் தருவதில்லை, அங்கே வாங்கும் ‘சி’ அவளுடைய கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட்டில் நிரந்தரமாக இருக்கும். நாளைக்கு மெடிக்கல் ஸ்கூலுக்கோ சட்டத்துக்கோ விண்ணப்பித்தால் அதையும் காட்ட வேண்டும். மாணவர் பதிவுகளின் ரகசியத்தைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் 18 வயது ஆகாவிட்டாலும் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது. அம்மா மின்னஞ்சல் அனுப்பி ‘எப்படிப் படிக்கிறாள்?’ என்று கேட்டால் ஆசிரியர் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார். உள்ளே நுழையவே, கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று பார்க்கும் டிஎஸ்ஐ தேர்வு உண்டு, எஸ்ஏடி மதிப்பெண்ணால் விலக்குப் பெறாவிட்டால். டிஎஸ்ஐயின் கட்டுரைப் பகுதியில் 8-க்குக் குறைந்தது 5 வாங்க வேண்டும்.

ஆக என் யோசனை: பத்தாவதில் அந்த 750 டாலர் நேரடி வகுப்பு, மேலே சொன்ன விசாரணையில் தேறினால். தேறாவிட்டால் ஏழெட்டுப் பிள்ளைகளோடு நடக்கும் வேறொரு வகுப்பு, அல்லது ஹோம்ஸ்கூல் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் உங்கள் ஊர்க் கோ-ஆப்பில் கட்டுரையை உண்மையாகவே படிக்கிற ஒரு ஆசிரியர். பதினொன்றில் ஏபி அல்லது டூயல் கிரெடிட், இரண்டில் ஒன்று. டெக்சஸிலேயே படிக்கப்போகிறாள் என்றால் டூயல் கிரெடிட், வெளி மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் மனதில் இருந்தால் ஏபி என்பது என் சாய்வு. டூயல் கிரெடிட்டை ஏற்பதில் அந்த இடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

வெளி ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்பதற்கு நீங்கள் யோசிக்காத காரணம் ஒன்றும் இருக்கிறது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் விண்ணப்பிக்கும்போது ஹோம்ஸ்கூல் பிள்ளைக்குக் கவுன்சிலர் இடத்தில் பெற்றோரே கையெழுத்திடுவார்கள். பரிந்துரைக் கடிதமும் அம்மாவே எழுதினால் யார் மதிப்பார்கள்? ஓராண்டு முழுக்க அவள் எழுத்தைப் படித்த ஆசிரியர் எழுதும் கடிதத்துக்கு எடை அதிகம்; அவள் எழுதிய கட்டுரையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு எழுத அவரால் முடியும். பிரின்ஸ்டன் போன்ற இடம், ஆசிரியர் மதிப்பெண் போட்டுத் திருத்திய கட்டுரை ஒன்றையே விண்ணப்பத்தோடு கேட்கிறது. வீடியோ கோர்ஸில் படித்த பிள்ளை அதற்கு எங்கே போகும்? ஆகவே திருத்தி வரும் கட்டுரைகளை எல்லாம், குறிப்புகளோடு, ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

அங்கீகாரம் பெற்ற கோர்ஸ்தானா என்று கவலைப்பட வேண்டாம். டெக்சஸில் ஹோம்ஸ்கூலைத் தனியார் பள்ளியாகவே மாநில உச்ச நீதிமன்றம் 1994-ல் லீப்பர் வழக்கில் ஏற்றுக்கொண்டுவிட்டது. பாடத்துக்கு யாருடைய முத்திரையும் தேவையில்லை. எழுத்துப் பயிற்சி மட்டும் என்றால் பொதுவாக அரை கிரெடிட்தான் போடுவார்கள். கூடவே ஆண்டு முழுக்க இலக்கியம் வாசித்தால் முழு கிரெடிட் ‘இங்கிலீஷ் 2’ என்று போடலாம். அந்த வாசிப்பை நீங்களே வீட்டில் நடத்தலாம், அதற்கு வெளியே பணம் கொடுக்க வேண்டாம். மகள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கோ கல்லூரி விளையாட்டுக்கோ போகிற எண்ணம் இருந்தால் மட்டும் அங்கீகாரம் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள், அவற்றுக்கு விதிகள் வேறு.

செயற்கை நுண்ணறிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கோர்ஸ்காரர்களிடம் கேளுங்கள், இரண்டு பக்கமும். பிள்ளைகள் சாட்ஜிபிடியில் எழுதி அனுப்பினால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பது ஒன்று. கண்டுபிடிக்கும் மென்பொருள் வைத்திருக்கிறோம் என்ற பதில் எனக்குத் திருப்தி தராது. அந்த மென்பொருள்கள் தானே எழுதிய பிள்ளையையும் மாட்டிவிடுகின்றன. கூகுள் டாக்ஸில் எழுத வைத்து அதன் மாற்ற வரலாற்றைப் பார்க்கிறோம், வகுப்பிலேயே 20 நிமிடம் எழுத வைக்கிறோம் என்றால் அது ஆசிரியர் பேசும் பேச்சு. மற்றொன்று, நீங்கள் திருத்துவதே அதை வைத்துத்தானா என்பது. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பணம் கொடுக்கிறீர்கள்.

உங்கள் ஆங்கிலம் போதாது என்று எழுதியிருந்தீர்கள். திருத்துவதற்குப் போதாமல் இருக்கலாம், வாசகராக இருக்கத் தாராளமாகப் போதும். கோர்ஸில் சேர்த்த பிறகும் வாரம் ஒருமுறை அவள் எழுதியதில் ஒரு பத்தியை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு தமிழிலேயே கேளுங்கள்: ‘சரிம்மா, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் புரியல.’ அவள் வாயால் விளக்குவாள். விளக்கி முடித்ததும், ‘இதை ஏன் எழுதலை?’ என்று கேளுங்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் விடாதீர்கள். காமாவும் ஆர்டிகிளும் ஆசிரியர் பாடு.

பணம் பற்றி ஒரு வார்த்தை. டெக்சஸில் 2025-ல் கையெழுத்தான கல்விச் சேமிப்புக் கணக்குச் சட்டம் 2026–27 கல்வியாண்டில் நடைமுறைக்கு வருகிறது. தேர்வாகும் ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு அரசிடமிருந்து ஆண்டுக்கு 2,000 டாலர் வரை கிடைக்கும். ஆனால் திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனத்துக்குத்தான் அதிலிருந்து கட்ட முடியும், ஆகவே நீங்கள் பார்த்திருக்கும் கோர்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் விலகினால் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கட்டுரை திரும்பி வரும்போதுதான் உங்களுக்கே உண்மை தெரியும்.

மகனை அதே இடத்தில் சேர்க்க வேண்டாம். ஆறாவதுக்கு வாதக் கட்டுரை அவசரமில்லை. அவனுக்கு நிறைய வாசிப்பு, வாசித்ததை வாயால் சொல்வது, வாரம் ஒருநாள் ஒரு பத்தி எழுதுவது போதும். அந்தப் பத்தியை அக்காவே படித்துவிட்டு ‘புரியலை’ என்று சொல்லட்டும், தம்பியிடம் சொல்ல அவளுக்குக் கசக்காது. எட்டாவது வரும்போது எழுதுங்கள், அவன் எழுதியது ஒன்றையும் சேர்த்து.